ஜப்பானில் ஒரு நாள் ரயில் பயணம்



தோட்டப்புறத்தில் வாழும் நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் பெற்றோர் வளர்த்த பிள்ளைகள் இன்று பட்டணத்தில் வேலை பார்க்கிறார்கள். தாய் தந்தையரை ஒருமுறையாவது வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்று காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அப்படிப் பேச்சு எழும்போது ஜப்பான் நாட்டின் பெயரும் அடிபடுகிறது. கோலாலம்பூரிலிருந்து ஒசாகா நகருக்கு நேரடி விமானம் இருக்கிறது. மின்னணுச் சில்லு பொருத்திய மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள், குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே ஜப்பானுக்குள் செல்ல 2013-ஆம் ஆண்டு முதல் அனுமதி உண்டு. ஆகவே போய்ச் சேருவது எளிதாகிவிட்டது. போய்ச் சேர்ந்த பிறகு, சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வீணாகாமல் ஒவ்வொரு நாளையும் எப்படிச் செலவிடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம்.

ஒசாகாவில் தங்கிக்கொண்டு, காலையில் ரயிலேறிப் பக்கத்து நகரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, மாலையில் திரும்பி வருவதற்கு எவ்வாறு திட்டமிடுவது? இதைத்தான் இன்றைய உரையில் காண்போம்.

அதற்கு முன் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஜப்பான் என்ற சொல்லையும் ரயில் என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னால், நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருடைய முகம் மாறும். காரணம் இருக்கிறது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டது. அந்த வேலைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ரயிலில் ஏற்றிச் சென்றார்கள். நல்ல கூலி தருவதாக ஆசை காட்டி அழைத்துச் சென்றவர்களும் உண்டு. பலவந்தமாகப் பிடித்துச் சென்றவர்களும் உண்டு. காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் அங்கே மாண்டவர்கள் ஏராளம். போன பாட்டனார் திரும்பி வராத குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. "அந்த நாட்டுக்கா போகப் போகிறீர்கள்?" என்று வீட்டில் ஒரு பாட்டி கேட்டால், அது கேட்க வேண்டிய கேள்விதான். சிரித்து மழுப்பாமல் மறுமொழி சொல்ல வேண்டும். மறந்துவிட்டுப் போகவில்லை என்று சொல்வோம். பிள்ளைகளுக்கு அந்த வரலாற்றைச் சொல்லிவிட்டே அழைத்துச் செல்வோம். இன்று அங்கே ரயிலில் நம் பக்கத்தில் உட்காருகிறவர், நம்மைப் போலவே வேலைக்குப் போய் வீடு திரும்புகிற மனிதர் என்பதையும் எடுத்துச் சொல்வோம். பெரியவர் மனம் ஒப்பினால் அழைத்துச் செல்வோம். ஒப்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

அன்று நம்மவர்களை ஏற்றிச் சென்ற வண்டி எப்போது திரும்பும் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. இன்று நாம் போடும் திட்டத்தில் முதல் வரியாக எழுத வேண்டியதே திரும்பும் நேரம்தான். இந்த உரையின் சாரமும் அதுவே.

பெரும்பாலும் நாம் என்ன செய்கிறோம்? பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் வரிசையாக எழுதிக்கொள்கிறோம். கோயில், கோட்டை, கடைத்தெரு, பூங்கா என்று பட்டியல் நீள்கிறது. எப்போது திரும்புவது என்பதை மட்டும் கடைசிக்கு விட்டுவிடுகிறோம். பிற்பகல் 3 மணிக்கு வயதானவர்களுக்குக் கால் வலிக்கிறது, பிள்ளைகள் சிணுங்குகிறார்கள், பட்டியலிலோ இன்னும் பாதி மீதம் இருக்கிறது. இதனால் கோபமும் சலிப்பும்தான் மிஞ்சும்.

ஆகவே மாலையிலிருந்து காலையை நோக்கிப் பின்னோக்கிக் கணக்கிடுவோம். ஜப்பானில் நகர ரயில்கள் இரவு முழுவதும் ஓடுவதில்லை. ஏறத்தாழ நள்ளிரவோடு நின்றுவிடும். விடியற்காலை 5 மணி வாக்கில்தான் மீண்டும் தொடங்கும். கடைசி ரயிலைத் தவறவிட்டால் வாடகைக் காருக்குக் கொடுக்கும் பணம் நம்மைக் கலங்க வைத்துவிடும். பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் போகிறவர்கள் கடைசி ரயிலை நினைத்தே பார்க்க வேண்டாம். மாலை 5 மணிக்கு மேல் வேலை முடிந்து திரும்புகிறவர்களின் நெரிசல் தொடங்கும். அதற்கு முன்பே வண்டியேறிவிடுவது நல்லது. காலையிலும் அப்படித்தான். வேலை நாள்களில் 7.30 மணிக்கும் 9 மணிக்கும் இடையே பெட்டிகளில் கால் வைக்க இடம் இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் மாலை 7 மணி வரையில் வெளிச்சம் இருக்கிறது. அங்கே அப்படியில்லை. டிசம்பர் மாதத்தில் ஒசாகாவில் 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், குளிரும் கூடும். அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முந்தியது என்பதையும் மறக்கக் கூடாது. முதல் இரண்டு நாள்கள், காலை 7 மணிக்கு எழுந்தாலும் உடம்புக்கு அது 6 மணிதான்.

சரி, கணக்குப் போடுவோம். காலை 9 மணிக்குப் புறப்பட்டு மாலை 4 மணிக்கு வண்டியேறினால் நம் கையில் இருப்பது 7 மணி நேரம். போகும் வழிக்கும், நிலையத்தில் வழி தேடவும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். சாப்பாட்டுக்கும் இளைப்பாறவும் ஒன்றரை மணி நேரம். மீதி 4 மணி நேரம். இந்த 4 மணி நேரத்தில் ஒரு நகரத்தில் இரண்டு இடங்களை நிதானமாகப் பார்க்கலாம். ஒரு நாளுக்கு ஒரு நகரம். அதில் இரண்டே இடங்கள். இந்த அளவோடு நின்றால் எல்லாரும் சிரித்த முகத்தோடு திரும்புவோம்.

அடுத்து, எந்த நகரம்? ஒசாகாவைச் சுற்றி நான்கு நகரங்கள் ஒரு நாள் பயணத்துக்கு ஏற்றவை. வடகிழக்கே கியோட்டோ, ரயில் பாதையில் சுமார் 43 கிலோமீட்டர். மேற்கே கோபே, சுமார் 30 கிலோமீட்டர். அதே பாதையில் மேலும் மேற்கே சென்றால் ஹிமேஜி, சுமார் 88 கிலோமீட்டர். கிழக்கே நாரா.

கியோட்டோ, ஒசாகா, கோபே, ஹிமேஜி ஆகிய நான்கும் ஒரே இருப்புப் பாதையில் அமைந்திருக்கின்றன. இந்தப் பாதையில் ஓடும் ரயில்களில் சில வகைகள் உண்டு. எல்லா நிலையங்களிலும் நின்று போவது சாதாரண ரயில். சில நிலையங்களை விட்டுவிட்டுப் போவது 'கைசோகு'. அதைவிடக் குறைவான நிலையங்களில் நிற்பது 'ஷின்-கைசோகு'. இந்த மூன்றுக்கும் ஒரே கட்டணம்தான். ஷின்-கைசோகுவில் ஏறினால் ஒசாகாவிலிருந்து கியோட்டோவுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம். கோபேயின் சன்னோமியா நிலையத்துக்கு அதைவிடவும் குறைவு. ஹிமேஜிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். 'தொக்கியூ' என்று எழுதிய ரயில் வந்தால் மட்டும் நின்று யோசிக்க வேண்டும். இந்தப் பாதையில் அதற்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் உண்டு.

அப்படியானால், 1964-ஆம் ஆண்டு முதல் ஓடும் புகழ்பெற்ற ஷின்கான்சென் அதிவேக ரயிலில் போகக் கூடாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது ஒசாகா நிலையத்துக்கு வருவதில்லை. ஷின்-ஒசாகா என்ற வேறொரு நிலையத்துக்குப் போய் ஏற வேண்டும். அங்கிருந்து கியோட்டோவுக்குக் கால் மணி நேரம். கட்டணமோ இரண்டு மடங்குக்கும் மேல். மிச்சமாகும் சில நிமிடங்கள் நிலையம் மாறுவதிலேயே போய்விடும். தொலைதூர நகரத்துக்கு ஷின்கான்சென் சரி. பக்கத்து ஊருக்கு வேண்டாம். நாடு முழுவதும் செல்லத்தக்க ரயில் பயண அட்டையும் அப்படித்தான். 7 நாள் அட்டையின் விலை 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. பக்கத்து நகரங்களுக்கு மட்டும் போய்வருகிறவர்களுக்கு அது வீண் செலவு. ஒசாகாவைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்கு மட்டும் ஒரு நாள் முதல் நான்கு நாள்கள் வரை செல்லும் மலிவான அட்டையும் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கிடைக்கிறது. அதையும் போய்வரும் சாதாரணக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். ஹிமேஜி போன்ற சற்றுத் தள்ளிய ஊருக்குப் பயன்படலாம். நாராவுக்கு மட்டும் என்றால் சாதாரணச் சீட்டே போதும்.

இப்போது நாரா நகரத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாளைத் திட்டமிட்டுப் பார்ப்போம். பாட்டி, தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்.

நாராவில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று ஜே.ஆர். நாரா, மற்றொன்று கிண்டெட்சு நாரா. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. ஒரு நிறுவனத்தின் சீட்டு மற்றொன்றில் செல்லாது. கோயிலுக்கும் பூங்காவுக்கும் அருகில் இருப்பது கிண்டெட்சு நாரா. ஒசாகாவின் நம்பா பகுதியிலிருந்து கூடுதல் கட்டணம் இல்லாத விரைவு ரயிலில் ஏறினால் ஏறத்தாழ 40 நிமிடத்தில் அங்கே இறங்கலாம். 9 மணிக்கு ஏறினால் 10 மணிக்குள் நாராவில் நிற்போம்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது தோதாய்ஜி என்னும் பௌத்தக் கோயில். நிலையத்திலிருந்து நடந்தால் சுமார் 20 நிமிடம். பாட்டிக்காகப் பேருந்தில் போகலாம். உள்ளே ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தில் வெண்கலப் புத்தர் அமர்ந்திருக்கிறார். 752-ஆம் ஆண்டில் இந்தச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு நடந்தது. தூரிகையைப் பிடித்துக் கண் திறந்தவர் யார் தெரியுமா? போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736-ஆம் ஆண்டில் ஜப்பானுக்கு வந்தவர். அவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றே பழைய ஜப்பானியக் குறிப்புகள் சொல்லுகின்றன. தூரிகையில் நீண்ட நூல்களைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்கு கொண்டார்களாம். பின்னாளில் தீயினால் சிலையும் மண்டபமும் சேதமுற்றுத் திருத்தப்பட்டன. இருந்தாலும், 1,200 ஆண்டுகளுக்கு முன் நம் திசையிலிருந்து ஒருவர் மதிப்போடு அழைக்கப்பட்டு அங்கே நின்றார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சயாம் ரயிலின் கதையைச் சொல்லும் நாம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோயிலை அடுத்து நாராப் பூங்கா. ஆயிரத்துக்கும் அதிகமான மான்கள் அங்கே கட்டின்றித் திரிகின்றன. அவற்றுக்கென்றே விற்கும் வறட்டி போன்ற மெல்லிய ரொட்டியைத் தவிர வேறு எதையும் கொடுக்கக் கூடாது. காகிதத்தைக் கண்டாலும் மான் பிடுங்கித் தின்றுவிடும். ஆகவே ரயில் சீட்டையும் திட்டம் எழுதிய தாளையும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். 1 மணிக்குச் சாப்பாடு, பிறகு பூங்காவில் இளைப்பாறுதல், 3.30-க்கு நிலையம் நோக்கி நடை. 4 மணிக்கு வண்டி. அவ்வளவுதான். நாராவில் இன்னும் பல கோயில்கள் இருக்கின்றன. இருக்கட்டும்.

கியோட்டோவுக்குப் போகிறவர்கள் ஃபுஷிமி இனாரி ஆலயத்தை முதலில் எழுதிக்கொள்ளலாம். நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வத்தின் ஆலயம் அது. சிவப்பு மரவாயில்கள் ஆயிரக்கணக்கில் மலைப்பாதை நெடுக நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா செல்லும் ஜே.ஆர். பாதையில் இரண்டாவது நிலையம் இனாரி; இறங்கியதும் எதிரிலேயே ஆலய வாயில். ஆனால் இந்த இடத்தில் விரைவு ரயிலில் ஏறிவிடக் கூடாது. அது இனாரியில் நிற்காது. எல்லா நிலையங்களிலும் நிற்கும் சாதாரண ரயிலில்தான் ஏற வேண்டும். விரைவாகப் போகும் வண்டியே நல்ல வண்டி என்று எண்ணி ஏறுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மலை உச்சிவரை ஏற வேண்டும் என்பதும் இல்லை. பாட்டியால் முடிந்த தூரம் போய்த் திரும்பலாம்.

ஹிமேஜியில் 1609-ஆம் ஆண்டில் கட்டி முடித்த வெண்ணிறக் கோட்டை இருக்கிறது. நிலையத்திலிருந்து நேர்ச் சாலை. சுமார் ஒரு கிலோமீட்டர். உள்ளே மரப்படிகள் செங்குத்தானவை. காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியிலிருந்து பார்ப்பதே போதும். கோபே துறைமுக நகரம். 1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அன்று இடிந்த படகுத்துறையின் ஒரு பகுதியை அப்படியே விட்டு நினைவுப் பூங்கா அமைத்திருக்கிறார்கள்.

பயணச் சீட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். 'இக்கோக்கா' என்ற அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டால், பல நிறுவனங்களின் ரயில்களிலும் அதைத் தொட்டுவிட்டே உள்ளே போகலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையை இருவர் பயன்படுத்த முடியாது. தாள் சீட்டு வாங்கினால் வெளியே வரும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். குறைந்த விலைச் சீட்டை வாங்கிவிட்டாலும் அஞ்ச வேண்டாம். வெளிவாயிலுக்கு அருகில் மீதிக் கட்டணம் செலுத்தும் இயந்திரம் இருக்கும். 6 வயது முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். ஜே.ஆர். ரயில்களில், அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகள் இருவர் வரை பெரியவர் ஒருவரோடு இலவசமாகச் செல்லலாம். சில ரயில்களில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. நடைமேடையில் அதற்கான அடையாளம் எழுதியிருக்கும். குடும்பத்தோடு போகிறவர்கள் அதைப் பார்த்து ஏற வேண்டும்.

கூட்டத்தில் ஒருவர் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்பே பேசி வைக்க வேண்டும். கதவு மூடி, சிலர் வண்டியிலும் சிலர் நடைமேடையிலும் நிற்க நேரிடலாம். நடைமேடையில் நிற்பவர் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. வண்டியில் போனவர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும். இந்த ஒரு விதியைப் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு முறை சொல்லி வைப்போம். தங்கும் விடுதியின் பெயரையும் அதற்கு அருகிலுள்ள நிலையத்தின் பெயரையும் விடுதிக்காரரிடம் ஜப்பானிய எழுத்தில் எழுதி வாங்கி, ஒவ்வொருவர் பையிலும் ஒரு தாள் வைக்க வேண்டும். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்தாலும் தாள் தீராது. "சுமிமாசென்" என்று சொல்லி அந்தத் தாளை நீட்டினால் நிலைய ஊழியர் வழி காட்டுவார். அவசர மருத்துவ உதவிக்கு 119, காவல் துறைக்கு 110.

உணவிலும் முன்யோசனை வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் 'கியூ' என்ற சொல்லையும், பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் 'பூத்தா' என்ற சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். சைவ உணவு உண்பவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். நம் மாசிக் கருவாட்டைப் போன்ற ஒன்றை வேகவைத்து எடுத்த சாறுதான் அங்கே பல குழம்புகளுக்கு அடிப்படை. காய்கறி மட்டும் தெரியும் கிண்ணத்திலும் மீன் சாறு இருக்கலாம். உப்பிட்ட புளிப்புப் பழம் வைத்த சோற்று உருண்டை, வாழைப்பழம், ரொட்டி ஆகியவை சிறு கடைகளில் கிடைக்கும். நம் நாட்டிலிருந்து இறைச்சி கலந்த பண்டங்களைக் கொண்டு செல்லக் கூடாது. விமான நிலையத்தில் தடுத்துவிடுவார்கள். குப்பைத் தொட்டிகள் தெருவில் குறைவு. ஒரு பிளாஸ்டிக் பையைக் கையோடு வைத்திருந்து, குப்பையை விடுதிக்கே கொண்டு வந்துவிடலாம்.

கடைசியாக, முதல் நாள் இரவு சரிபார்க்க வேண்டியவை. வேலை நாளுக்கு ஓர் அட்டவணை, சனி ஞாயிறு விடுமுறைகளுக்கு வேறோர் அட்டவணை என்று ரயில் நேரம் மாறும். போகும் நாளுக்குரிய அட்டவணைதானா என்று பார்க்க வேண்டும். புயல் காலத்தில் ரயில்களை முன்னறிவிப்போடு நிறுத்திவிடுவதும் உண்டு. அதனால் தொலைவான நகரத்துக்குப் போகும் பயணத்தைத் தங்கும் நாள்களின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்வோம். நாடு திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் வைக்க வேண்டாம். ஆண்டு இறுதியிலும் புத்தாண்டின் முதல் மூன்று நாள்களிலும் பல கடைகள் மூடியிருக்கும். ஆலயங்களில் பெருங்கூட்டம் இருக்கும்.

நேயர்களே, ஒரு தாளை எடுத்து ஐந்து வரிகள் எழுதுவோம். முதல் வரியில் திரும்பும் ரயிலின் நேரம். இரண்டாவது வரியில் போகும் நகரமும் இறங்கும் நிலையமும். மூன்றாவது வரியில் பார்க்கப் போகும் இரண்டு இடங்கள். நான்காவது வரியில் எங்கே, எப்போது சாப்பாடு என்பது. ஐந்தாவது வரியில் பிரிந்துவிட்டால் செய்ய வேண்டியது. எழுதி முடித்ததும் வீட்டார் அனைவரையும் உட்கார வைத்து உரக்கப் படிப்போம். பாட்டி "என்னால் இவ்வளவு தூரம் நடக்க முடியாது" என்று சொன்னால், ஓரிடத்தை அடித்துவிடுவோம். குடும்பத்தில் மெதுவாக நடக்கிறவரின் நடைதான் அந்த நாளின் வேகம்.

ஆண்டுக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து மரம் சீவியவர்கள், எந்த அவசரமும் இல்லாமல் ஒரு நாள் ரயில் சன்னலோரம் உட்கார்ந்து ஊர் பார்த்துத் திரும்பட்டும். அதற்குத்தான் இந்தத் திட்டம்.